வடிகால் ப்ளக்கைக் கழட்டியும் தண்ணி வரேல்லயோ? போட்டை நீங்களே விண்டரைஸ் பண்ணேக்க வாற சிக்கல்களும் திருத்துற வழியும்

விண்டரைஸ் எண்டா விண்டருக்கு முதல் போட் எஞ்சின் உறைஞ்சு வெடிக்காமல் தயார்படுத்துறது. ஒக்டோபரில தாங்ஸ்கிவிங் முடிய ஒன்டாரியோவில ட்ரென்ட்-செவர்ன் கால்வாய் லொக் (போட்டுகளை ஏத்தி இறக்குற மதகு) எல்லாம் பூட்டிடுவாங்கள், சிம்கோ ஏரிப் பக்கம் போட்டுகள் வரிசையா ட்ரெயிலரில ஏறத் தொடங்கும், அதே கிழமைதான் எனக்கும் ஃபோன் வரத் தொடங்கும். கேக்கிற கேள்வியள் ஒவ்வொரு வருசமும் அதேதான், ஆக்கள்தான் வேற. அதால அறிகுறி வாரியா ஒரே இடத்தில எழுதிவிடுறன், உங்கட போட்டில என்ன நடக்குதோ அந்தத் தலைப்புக்கு நேராப் போங்கோ.

ஒன்டாரியோவில எங்கட ஆக்கள் செக்கன்ட் ஹாண்டில வாங்குறது பெரும்பாலும் 18 தொடக்கம் 22 அடி பவுரைடர் (முன்பக்கமும் கதிரை உள்ள போட்), உள்ளுக்க மேர்க்ரூசர் எஞ்சின், 4.3 வி6 இல்லாட்டி 5.0, 5.7 வி8, பின்னால அல்ஃபா ட்ரைவ் (ப்ரொப்பெல்லரைச் சுத்துற வெளிப்பகுதி), ஏரித் தண்ணியை இழுத்தே எஞ்சினைக் குளிராக்கிற வகை. நான் எழுதுறது அந்த வகைக்குத்தான், 3.0 நாலு சிலிண்டருக்கும் முக்கால்வாசி பொருந்தும். அவுட்போர்ட் (போட்டுக்கு வெளியால பின்பக்கம் மாட்டுற எஞ்சின்) வச்சிருக்கிற ஆக்களுக்குக் கடைசியில கொஞ்சம் இருக்கு.

ஒண்டை மட்டும் முதலே சொல்லோணும். தண்ணி உறையேக்க ஏறத்தாழ 9 வீதம் பெருக்கும், வார்ப்பிரும்பு இழுபடாது, வெடிக்கும். ஓயில் மாத்துறது, ஃபாகிங் (சிலிண்டருக்குள்ள துருப்பிடிக்காமல் ஓயில் அடிக்கிறது), பெற்றோல் கெடாமல் காக்கிற ஸ்டெபிலைசர் எல்லாம் செய்ய வேண்டிய வேலைதான், ஆனா அதில ஒண்டு தவறினா எஞ்சின் வசந்தத்தில கொஞ்சம் இருமும், அவ்வளவுதான். தண்ணி உள்ளுக்க நிண்டா பிளொக்கே, அதாவது எஞ்சின்ர வார்ப்பிரும்பு உடம்பே போச்சு. நேரம் கொஞ்சம்தான் கிடைக்குது எண்டா தண்ணியை முதல் வெளியால எடுங்கோ, மிச்சத்தை அடுத்த கிழமை பாக்கலாம்.

## இயர்மஃப் பூட்டித் தண்ணி திறந்தாலும் சூடு ஏறிக்கொண்டே போகுது

ஸ்டெபிலைசர் உள்ளுக்க ஓடவும் ஓயிலைச் சூடாக்கவும் வீட்டு முத்தத்தில ஒருக்கா எஞ்சினை ஓட்டத்தான் வேணும். கேஜ் 160, 170 ஃபாரன்ஹீட் பக்கம் வந்து நிக்கோணும், நிக்காமல் 200ஐப் பாக்கப் போகுது எண்டா உடன நிப்பாட்டுங்கோ, ஒரு நிமிசம் பொறுத்துப் பாப்பம் எண்டு நினைக்காதீங்கோ.

முதல் இயர்மஃப்பை, அதாவது ஹோஸ் தண்ணியை ட்ரைவுக்குள்ள குடுக்கிற றப்பர் மூடியைப் பாருங்கோ, பாதிப் பேருக்குப் பிரச்சினை இதிலயே முடிஞ்சிடும். ட்ரைவ்ல ரெண்டு பக்கமும் இருக்கிற சல்லடை ஓட்டையள் மேல றப்பர் சரியா உக்காந்திருக்கோணும், எஞ்சின் அதிரேக்க அது மெல்லமெல்லமாக் கீழ வழுகிப் போகும், நீங்கள் மேல கேஜைப் பாத்துக்கொண்டு நிப்பீங்கள், கீழ காத்தை இழுத்துக்கொண்டிருக்கும். பேந்து ஹோஸ் எங்கயாவது மடிஞ்சிருக்கோ, பைப் முழுக்கத் திறந்திருக்கோ எண்டு பாருங்கோ. ஐடிலிலயே விடுங்கோ, 1500 ஆர்பிஎம்முக்கு மேல ஏத்த வேண்டாம், வீட்டுப் பைப் அந்த வேகத்துக்குத் தண்ணி குடுக்காது. கியர் நியூட்ரல்ல இருக்கோணும், பின்னால ஃபான் (ப்ரொப்பெல்லர்) பக்கத்தில ஒருத்தரும் நிக்கக் கூடாது, பிள்ளையள் உள்ள வீடெண்டா ஃபானைக் கழட்டிப்போட்டே ஓட்டுங்கோ.

அதெல்லாம் சரியெண்டா இம்பெல்லர், தண்ணியை இழுக்கிற பம்புக்குள்ள சுத்துற றப்பர் சில்லு. அல்ஃபாவில அது ட்ரைவுக்குள்ளதான் இருக்கு, கீழ்ப்பாதியை இறக்கிப் பாக்கோணும். றப்பர் இதழெல்லாம் ஒரே பக்கம் வளைஞ்சு நிமிராமல் நிண்டாலோ நுனி வெடிச்சிருந்தாலோ மாத்துங்கோ, ரெண்டு மூண்டு சீசனுக்கு ஒருக்கா எப்பிடியும் மாத்துற சாமான்தான். இதழ் ஒண்டு உடைஞ்சு காணாமல் போயிருந்தா அந்தத் துண்டைக் கண்டுபிடிக்காமல் விடக் கூடாது, அது மேல போய் பவர் ஸ்டீயரிங் கூலர் வாயில அடைச்சுக்கொண்டு கிடக்கும். புது இம்பெல்லர் போட்டும் சூடேறுதெண்டா தேர்மோஸ்டட் (சூடேறினாத் திறக்கிற வால்வ்), அதுக்கும் சரிவரேல்லையெண்டா எக்ஸோஸ்ட் புகை போற மனிஃபோல்டும் ரைசரும் துருவால உள்ளுக்க அடைபட்டிருக்கும், அந்த இடத்தில மெக்கானிக்கைக் கூப்பிடுங்கோ.

## வடிகால் ப்ளக்கைக் கழட்டினா ஒரு சொட்டும் வரேல்ல

எல்லாத்திலயும் ஆபத்தானது இதுதான். கழட்டினாச்சு, தண்ணி வரேல்ல, அப்ப உள்ளுக்க தண்ணி இல்லைப் போல எண்டு நினைச்சு ப்ளக்கைத் திருப்பிப் பூட்டிற ஆக்கள்தான் மே மாசம் எஞ்சின் விலை விசாரிக்கிறவை. இப்பத்தான் ஓடி முடிஞ்ச எஞ்சினுக்குள்ள தண்ணி இல்லாமல் இருக்க வழியே இல்லை. வரேல்லையெண்டா ஓட்டை அடைச்சிருக்கு.

எஞ்சின்ர ரெண்டு பக்கமும் பிளொக்கில ஒவ்வொண்டு, ஓயில் பானுக்குக் கொஞ்சம் மேல, எஞ்சின் மவுண்டுக்குக் கிட்ட இருக்கும். அதைவிட ரெண்டு எக்ஸோஸ்ட் மனிஃபோல்டுக்கும் கீழ ஒவ்வொண்டு. பழசில பித்தளை, புதுசில நீலப் பிளாஸ்டிக். இதோட முன்னால சுத்துற பம்புக்குப் போற பெரிய ஹோஸ்ர கீழ் முனை, அதைக் கழட்டிக் கீழ வளைச்சு விடோணும். பவர் ஸ்டீயரிங் கூலர் பக்கமும் ஒரு ப்ளக் இருக்கும். மொடலுக்கு மொடல் இடம் மாறும், உங்கட எஞ்சின் சீரியல் நம்பருக்குரிய மனுவலில படம் இருக்கு, அதை ப்ரின்ட் எடுத்து எஞ்சின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கோ.

இனி அடைப்பு எடுக்கிற விதம். ஒரு மெல்லிய ஸ்க்ரூ ட்ரைவரோ கோட் ஹாங்கர் கம்பியோ எடுத்து ஓட்டைக்குள்ள விடுங்கோ, முதல் கொஞ்சம் மொறுமொறு எண்டு துருத்தகடு உடையிற மாதிரிக் கையில தெரியும், ஆழமாக் குத்திச் சுத்துங்கோ, கறுப்புச் சேறு கொஞ்சம் கம்பியோட வரும், இன்னும் குத்தினா திடீரெண்டு செம்மஞ்சள் தண்ணி சீறிக்கொண்டு வந்து உங்கட முழங்கை மட்டும் நனைக்கும். எஞ்சின் சூடா இருந்தா கை அவியும், அதால ஆறவிட்டு வேலை செய்யுங்கோ. தண்ணி வரத் தொடங்கின உடன கம்பியை வைக்க வேண்டாம், ஓட்டம் மெலிஞ்ச உடன திருப்பிக் குத்துங்கோ, மணலும் துருவும் தண்ணியோட சேந்து வந்து பாதியில திருப்பி அடைக்கும். வி6லயும் வி8லயும் ஒரு பக்கம் வடிஞ்சா மற்றப் பக்கமும் வடிஞ்சிடும் எண்டு நினைக்காதீங்கோ, ஒவ்வொரு பக்கமும் அந்தந்தப் பக்கத்து ஓட்டையாலதான் வரும்.

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வாங்கின போட்டில முந்தின சொந்தக்காரர் ஒவ்வொரு வருசமும் இடப்பக்கத்தை மட்டும் வடிச்சிருக்கிறார், வலப்பக்கத்தில பட்டரி பெட்டி இடிக்குது, கை போகாது. இவர் வாங்கின விண்டர் சரியான குளிர். வெடிப்பு வலப்பக்கம்தான். கை போகாத இடத்தில இருக்கிறதுதான் முதல் கழட்ட வேண்டிய ப்ளக், பட்டரியைத் தூக்கி வெளியால வையுங்கோ, அது எப்பிடியும் கழட்ட வேண்டியதுதானே.

ட்ரெயிலர் மட்டமா நிக்கோணும். எல்லாம் வடிஞ்ச பிறகு கில் ஸ்விட்ச் கயிறைக் கழட்டிப்போட்டு ஒரு செக்கன் மட்டும் திறப்பைத் திருப்புங்கோ, எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் சும்மா சுத்தட்டும், பம்புக்குள்ள மிஞ்சினதும் வெளியால தள்ளுப்படும். ட்ரைவை முழுக்கக் கீழ இறக்கி விடுங்கோ, விண்டர் முழுக்க அப்பிடியே இருக்கட்டும், மேல தூக்கி வச்சா அதுக்குள்ள தண்ணி தேங்கும், ட்ரைவ் பொருத்தில இருக்கிற பெல்லோஸ் எண்ட மடிப்பு றப்பரும் இழுபட்டுக்கொண்டே கிடக்கும்.

சில மொடலில கையால காத்துப் பம்ப் அடிக்கிற வடிகால் இருக்கும், அடிச்சா ரெண்டு பச்சை இண்டிகேட்டரும் வெளியால வரும், தண்ணி தானா வடியும். நல்ல வசதிதான், ஆனா இண்டிகேட்டர் வெளியால வந்தா வால்வ் திறந்திருக்கெண்டு மட்டும்தான் அர்த்தம், அடைப்பு இருந்தா தண்ணி அப்பிடியே உள்ளுக்கதான். ரெண்டு பக்கத்தாலயும் தண்ணி விழுறதைக் கண்ணால பாருங்கோ.

கம்பி விட்டும், பித்தளைப் பொருத்தை முழுசாக் கழட்டிப் பெரிய ஓட்டையால குத்தியும் ஒண்டும் வரேல்லையெண்டா அந்தப் பிளொக் உள்ளுக்க துருவால இறுகிப் போச்சு, அண்டைக்கே மெக்கானிக்குக்கு ஃபோன் அடியுங்கோ, உறைபனி வாறதுக்கு முதல்.

## ப்ளக் அசையவே மாட்டன் எண்டுது

நீலப் பிளாஸ்டிக் எண்டா கையால திருப்புறதுக்குத்தான் செய்தது, குறடு போட்டு நெரிச்சா இறகு உடைஞ்சு போகும். றப்பர் கையுறை போட்டுப் பிடிச்சுத் திருப்பிப் பாருங்கோ. உடைஞ்சிட்டுதெண்டா கவலைப்படாதீங்கோ, புதுசு சில டொலர்தான், மிச்சத் துண்டை அகலமான ஸ்க்ரூ ட்ரைவரால மெல்லமாத் திருப்பி எடுக்கலாம்.

பித்தளை எண்டா ஊடுருவுற ஓயில் அடிச்சு ஒரு இரவு விடுங்கோ, அடுத்த நாள் ஆறு மூலை சொக்கெட் போட்டுத் திருப்புங்கோ, பன்னிரண்டு மூலை சொக்கெட் தலையை வட்டமாக்கிப் போடும். முதல் கொஞ்சம் இறுக்கிற பக்கம் அசைச்சு, பேந்து கழட்டிற பக்கம். காஸ் (பெற்றோல்) வாசம் இருக்கிற எஞ்சின் அறைக்குள்ள டோர்ச் நெருப்புப் பிடிக்கிறதெண்ட கதையே வேண்டாம். தலை உடைஞ்சு நடு பிளொக்குக்குள்ள நிண்டா அது ட்ரில் பண்ணி எடுக்கிற வேலை, நூல் பழுதானா பிறகு ஒழுகிக்கொண்டே இருக்கும், அதைக் கராஜுக்குக் குடுங்கோ. கழட்டினதைத் திருப்பிப் பூட்டேக்க மரின் சீலன்ட் கொஞ்சம் பூசினா அடுத்த வருசம் இந்தச் சண்டை இல்லை.

## பிங்க் ஆன்டிஃப்ரீஸ் விட்டன், வெளியால வெளிறின நிறத்தில வருது

உறையாமல் காக்கிற அந்தப் பிங்க் திரவம் உள்ளுக்க இருந்த தண்ணியோட கலந்திட்டுது எண்டு அர்த்தம். இயர்மஃப்புக்கு ஒரு வாளியைப் பூட்டி எஞ்சினை ஓட்டி ஆன்டிஃப்ரீஸை உறிஞ்ச விடுற முறை வீடியோக்களில கனக்க இருக்கு, சுகமான வழி மாதிரித்தான் தெரியும், ஆனா எஞ்சின் சரியாச் சூடேறி தேர்மோஸ்டட் திறக்காட்டி அந்தப் பிங்க் பிளொக்குக்குள்ள போகாமல் மனிஃபோல்டால சுத்தி எக்ஸோஸ்டால வெளியால வந்திடும். பின்னால பிங்காக் கொட்டுறதைப் பாத்து வேலை முடிஞ்சுது எண்டு நிப்பாட்டுவீங்கள், பிளொக்குக்குள்ள அப்பவும் ஏரித் தண்ணிதான். உந்த முறையை மட்டும் நம்பி விடுறதை நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்.

சரியான ஒழுங்கு: முதல் முழுக்க வடியுங்கோ, ப்ளக் எல்லாத்தையும் பூட்டுங்கோ, பிறகு எஞ்சின் ஓடாமலே தேர்மோஸ்டட் ஹவுசிங்கில பூட்டியிருக்கிற ஹோஸுகளைக் கழட்டி, பெரிய ஹோஸ் வழியா பிளொக்குக்கும் மற்ற ரெண்டு வழியா மனிஃபோல்டுகளுக்கும் மேலால ஊத்துங்கோ. வி6க்கு 3, 4 கலன், வி8க்கு 5, 6 கலன் கையில வச்சிருங்கோ. ஊத்தி முடிய ஒரு பிளொக் ப்ளக்கைக் கொஞ்சம் தளர்த்தி ஒரு கோப்பையில பிடிச்சுப் பாருங்கோ, போத்திலில இருந்த அதே நிறம் வரோணும். ரிஃப்ராக்டோமீட்டர் (எத்தினை பாகையில உறையும் எண்டு காட்டுற கருவி) வாங்கினா இன்னும் நல்லம், ப்ரொப்பிலீன் க்ளைக்கோலுக்குரிய அளவு அதில இருக்கோ எண்டு பாத்து வாங்குங்கோ.

போத்திலில -50 எண்டு போட்டிருக்கிறது குழாய் வெடிக்காமல் காக்கிற அளவு, அதுக்குக் கன முதலே அது அரைகுறையா உறையத் தொடங்கிடும். அப்பிடி உறைஞ்சாலும் இறுகிப் பெருக்காது எண்டதுதான் அதின்ர விசேசம், தண்ணி கலந்தா அந்தக் காப்பு போயிடும். விலை குறைஞ்ச பிங்க் சிலதில எதனோல் கலந்திருக்கும், றப்பருக்குக் கூடாது, லேபலைப் படியுங்கோ. காருக்கு விடுற பச்சை எதிலீன் க்ளைக்கோல் நஞ்சு, வசந்தத்தில அது நேரா ஏரிக்குள்ளதான் போகும், கையால தொடவும் வேண்டாம். பிங்கையும் முத்தத்தில இயர்மஃப் போட்டு ஓட்டி ஒரு தொட்டியில பிடிச்சுக் கழிவு எடுக்கிற இடத்தில கொண்டுபோய்க் குடுக்கிறதுதான் எனக்குச் சரியாப் படுது. நாங்கள் பிள்ளையளைக் குளிக்க விடுற ஏரிதானே.

முழுக்க வடிச்சாச்சு எண்டு உறுதியாத் தெரிஞ்சா ஆன்டிஃப்ரீஸ் இல்லாமலும் எஞ்சின் தப்பும், காத்து உறையாது. வடிக்காமல் ஆன்டிஃப்ரீஸ் மட்டும் விட்டாத்தான் ஆபத்து.

## கியர் ஓயில் பால்தேத்தண்ணி நிறத்தில வருது

ட்ரைவ்ல கீழ் ப்ளக்கையும் மேல காத்து ப்ளக்கையும் கழட்டி ஓயிலை விட்டுப் பாருங்கோ. முதல் தண்ணியாவே கொஞ்சம் விழுந்தாலோ பால் நிறமா வந்தாலோ சீல் எங்கயோ போயிட்டுது. இதை விண்டருக்கு முதல் பாக்கிறதே இதுக்காகத்தான், உள்ளுக்க நிண்ட தண்ணி ஜனவரியில ட்ரைவ்ர உடம்பை வெடிக்கப் பண்ணும்.

மலிவானதில இருந்து போவம். ப்ளக்குக்குக் கீழ இருக்கிற சின்ன வாஷர், அதைப் போன வருசம் மாத்தாமல் பழசையே பூட்டியிருந்தா இதுவே காரணமா இருக்கலாம், ஒவ்வொரு முறையும் புதுசு போடுங்கோ. அடுத்தது ஃபானைக் கழட்டி ஷாஃப்டைப் பாருங்கோ, மீன்பிடி நரம்பு சுத்திக் கிடந்தா அது சீலை வெட்டியிருக்கும், சிம்கோவில மீன் பிடிக்கிற ஆக்கள் கூட, இது அடிக்கடி வாறது. நரம்பைப் பிடுங்கி இழுக்காமல் வெட்டி எடுங்கோ. ரெண்டுமில்லையெண்டா உள் சீலுகள், அதுக்கு ட்ரைவைக் காத்தழுத்தம் வச்சுப் பாக்கோணும், கராஜ் வேலை. விண்டர் முழுக்க நேரம் கிடக்கு, ஆனா ஓயிலை உடன வடிச்சுப் புதுசு விட்டுப்போட்டு வையுங்கோ, பழுதைத் திருத்துற மட்டும் தண்ணியோட விட வேண்டாம்.

கீழ் ப்ளக்கில இருக்கிற காந்தத்தில கறுப்பு மாப் போல பிடிச்சிருக்கிறது வழமையானது. நகம் மாதிரி இரும்புச் சில்லு வந்தா கியர் உடையுது, ஓட்டாதீங்கோ, காட்டுங்கோ. புது ஓயில் எப்பவும் கீழ் ஓட்டையால பம்ப் பண்ணி மேல ஓட்டையால வாற மட்டும் விடோணும், மேலால ஊத்தினா காத்து மாட்டும். மேல் ப்ளக்கை முதல் பூட்டி, பேந்து கீழ்.

எஞ்சின் ஓயிலும் பால் நிறமா வந்தா அது வேற கதை, கீழ "வசந்தத்தில ஓட்டேக்க பில்ஜுக்குள்ள தண்ணி ஏறுது" எண்ட தலைப்பில வெடிப்பு பற்றி எழுதினதைப் பாருங்கோ. வெறுமனே ஓயில் வர மாட்டன் எண்டு அடம்பிடிச்சா எஞ்சின் குளிரா இருக்கு, திருப்பி ஓட்டிச் சூடாக்கி டிப்ஸ்டிக் குழாயால பம்ப் பண்ணுங்கோ.

## ஃபாகிங் அடிச்ச உடன எஞ்சின் நிக்குது, இல்லாட்டி புகை மட்டும் வருது

கார்புரேட்டர் எஞ்சின் எண்டா புகையும் திணறலும்தான் நடக்க வேண்டியது, கடைசியில அது நிக்க வேண்டியதும்தான். ஒரேயடியாக் கொட்டாமல் விட்டுவிட்டு அடியுங்கோ, கார்புரேட்டருக்கு மேல இருக்கிற பிளேம் அரெஸ்டரைக் கழட்டி வாயில நேரா. இஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் காஸைப் பீச்சுற வகை) எஞ்சினில அப்பிடி மேலால அடிக்கக் கூடாது, காஸ், டூ-ஸ்ட்ரோக் ஓயில், ஸ்டெபிலைசர் மூண்டையும் மனுவலில சொன்ன அளவுக்குக் கலந்து ஒரு சின்ன டாங்கில இருந்து குடுக்கிறதுதான் முறை. அது தலையிடி எண்டா ஸ்பார்க் ப்ளக்கைக் கழட்டி ஒவ்வொரு சிலிண்டருக்கும் கொஞ்சம் ஃபாகிங் அடிச்சு எஞ்சினை ஒரு சுத்துச் சுத்தி விடுங்கோ.

ஸ்டெபிலைசரை டாங்கில ஊத்தினாப் போதாது, ஊத்தின பிறகு 10, 15 நிமிசம் ஓடோணும், அப்பத்தான் கார்புரேட்டருக்கும் லைனுக்கும் போய்ச் சேரும். ரெகுலர் காஸில எதனோல் இருக்கு, அது ஈரத்தை இழுக்கும், அதால டாங்கை 95 வீதம் மட்டும் நிரப்பி விடுங்கோ, முட்ட வேண்டாம், வெயில் அடிக்கேக்க பெருக்கி வழியும்.

## இண்டிரவு -5 எண்டு சொல்லுது, போட் இன்னும் முத்தத்தில

பதறாமல் தண்ணியை மட்டும் எடுங்கோ. ரெண்டு பிளொக் ப்ளக், ரெண்டு மனிஃபோல்ட் ப்ளக், பெரிய ஹோஸ், ட்ரைவ் கீழ, பில்ஜ் ப்ளக் (போட்டின்ர அடிப்பள்ளத்து மூடி) வெளியால. இடம் தெரிஞ்ச ஆளுக்கு அரை மணித்தியாலம் கூட எடுக்காது. கழட்டின ப்ளக் எல்லாத்தையும் ஒரு பையில போட்டு ஸ்டீயரிங்கில கட்டிவிடுங்கோ, ப்ளக் பூட்டாமல் ஏரியில இறக்குற விபத்து வராது.

ரூம் ஹீட்டரை எஞ்சின் அறைக்குள்ள வைக்கிற ஆக்களைப் பாத்திருக்கிறன், தயவுசெய்து செய்யாதீங்கோ, காஸ் ஆவி தங்கிற இடம் அது. போட் இன்னும் தண்ணியில நிண்டா ப்ளக்குகளைக் கழட்ட வேண்டாம், ஏரித் தண்ணி ஹோஸ் வழியா உள்ளுக்க வரலாம். ஏரி இன்னும் உறையாத காலத்தில அந்தத் தண்ணியின்ர சூடே ஒரு லேசான பனி இரவுக்கு எஞ்சினைக் காக்கும், அடுத்த நாளே வெளியால எடுங்கோ. எடுத்து ரோட்டில ஏத்த முதல் பில்ஜ் ப்ளக்கைக் கழட்டித் தண்ணியை விடோணும், ஒட்டியிருக்கிற களையையும் எடுக்கோணும், 2022 ஜனவரி 1 தொடக்கம் ஒன்டாரியோவில அது சட்டம்.

பிந்திட்டீங்கள், ஏற்கெனவே உறைஞ்சிட்டுது எண்டா ஸ்டார்ட் பண்ணவே கூடாது. சூடுள்ள கராஜுக்குள்ள தள்ளி, தானா இளகும் மட்டும் விட்டு, பிறகு ப்ளக்கைக் கழட்டி வடியுங்கோ. ஒரு இரவு பனி எண்டா கன எஞ்சின் தப்பியிருக்கு, ஆனா வசந்தத்தில ஏரிக்குப் போக முதல் முத்தத்தில வச்சுக் கட்டாயம் பாக்கோணும்.

## பிப்ரவரியில பாத்தா பில்ஜுக்குள்ள ஐஸ் நிறைஞ்சு கிடக்கு

தறப்பாள் நடுவில தொய்ஞ்சு பனி தேங்கி கிழிஞ்சிருக்கும், இல்லாட்டி பில்ஜ் ஓட்டையில இலை அடைச்சிருக்கும். ஐஸைக் கொத்தாதீங்கோ, ஹல்லும் (போட்டின்ர உடம்பு) வயரும் பழுதாகும். முன்பக்கத்தை ஜாக்கால உயர்த்தி, ஓட்டையைத் திறந்து, தறப்பாளைத் திருத்தி, இளக விடுங்கோ. ஸ்டார்ட்டர் மோட்டர் எஞ்சின்ர அடியில இருக்கு, அது ஐஸுக்குள்ள நிண்டதெண்டா வசந்தத்தில கழட்டிக் காட்டுங்கோ. தறப்பாளுக்குக் கீழ நடுவால ஒரு தடி குடுத்துக் கூரை மாதிரிச் சாய்வு விட்டாப் பனி தங்காது, ரெண்டு நுனியிலயும் காத்துப் போக வழி விடுங்கோ, இல்லாட்டிக் கதிரையெல்லாம் பூஞ்சணம் பிடிக்கும்.

## வசந்தத்தில திறப்பைத் திருப்பினா "டிக்" எண்டு மட்டும் கேக்குது

பட்டரியை முதல் அளவுங்கோ. 12.6 வோல்டுக்கு மேல இருந்தா நல்லம். விண்டர் முழுக்க போட்டிலயே விட்டு இறங்கிப் போயிருந்தா அது உறைஞ்சும் இருக்கும், முழுக்க இறங்கின பட்டரி -7 செல்சியஸ் பக்கத்திலயே உறையும், சார்ஜ் நிறைஞ்சது எங்கட குளிருக்கு உறையாது. பக்கம் வீங்கியிருந்தா சார்ஜரில போட வேண்டாம், கொண்டுபோய்க் குடுங்கோ. பட்டரி சரியெண்டா டெர்மினலைச் சுரண்டிப் பூட்டுங்கோ, தரை வயரையும் சேத்து.

ரெண்டும் சரி, எஞ்சின் கொஞ்சம் அசைஞ்சு டக்கெண்டு நிக்குதெண்டா உடன விடுங்கோ, திருப்பித் திருப்பி அடிக்காதீங்கோ, சிலிண்டருக்குள்ள தண்ணி நிக்கலாம், பிஸ்டனைப் பிடிச்சிருக்கிற கனெக்டிங் ரொட் வளைஞ்சிடும். ஸ்பார்க் ப்ளக் எல்லாத்தையும் கழட்டி, கில் ஸ்விட்ச் கயிறைக் கழட்டி, தள்ளி நிண்டு ஒருக்காச் சுத்துங்கோ. ஓட்டையால தண்ணி பீச்சினா ரைசர் காஸ்கெட் போயிருக்கும், அதைவிட மோசமெண்டா மனிஃபோல்டோ ஹெட்டோ வெடிச்சிருக்கும். சிலிண்டர் எல்லாத்துக்கும் அப்பவே ஃபாகிங் ஓயில் அடிச்சுப்போட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கோ, ரெண்டு மூண்டு நாள் விட்டாலே சுவர் துருப்பிடிக்கத் தொடங்கிடும்.

## வசந்தத்தில ஓட்டேக்க பில்ஜுக்குள்ள தண்ணி ஏறுது

இயர்மஃப் பூட்டி, எஞ்சின் மூடியைத் திறந்து வச்சு, காஸ் ஆவியை வெளியேத்துற ப்ளோவரை ஓட்டி, லைட் பிடிச்சுக்கொண்டு ஸ்டார்ட் பண்ணுங்கோ. முதல் பாக்க வேண்டியது பூட்டாமல் விட்ட ப்ளக், இறுக்காத ஹோஸ் கிளாம்ப். கன பேருக்கு அதுதான், நீல ப்ளக் ஒண்டு பூட்ட மறந்திருப்பினம்.

அடுத்தது பிளொக் பக்கத்தில இருக்கிற வட்டத் தகடு, ஃப்ரீஸ் ப்ளக் எண்டு சொல்லுறது. அது வெளியால தள்ளுப்பட்டு வந்திருந்தா உள்ளுக்க ஐஸ் கட்டினது உறுதி. அது வந்ததால பிளொக் தப்பிட்டுது எண்டு சந்தோசப்படாதீங்கோ, அது வந்தும் பிளொக் வெடிச்ச எஞ்சின்கள் இருக்கு.

பிறகு மனிஃபோல்டுக்குக் கீழ பிளொக்கின்ர வெளிச்சுவரில கையால தடவிப் பாருங்கோ. வெடிப்பு பெரும்பாலும் நீட்டுக்குத்தான் ஓடும், பெயின்ட் மெல்லமா எழும்பி ஒரு கோடாத் தெரியும், துணியால துடைச்சு விட்டா அந்தக் கோட்டில திருப்பித் தண்ணி முத்து முத்தா வரும். வெளியால ஒண்டுமில்லை ஆனா டிப்ஸ்டிக்கில ஓயில் பால் நிறம், ஓயில் மட்டமும் கூடியிருக்கு எண்டா வெடிப்பு உள்ளுக்க, எஞ்சின் நடுவில இருக்கிற லிஃப்டர் பள்ளத்தில. ரெண்டில எதெண்டாலும் எஞ்சினை நிப்பாட்டுங்கோ.

பசை பூசித் தப்பலாமோ எண்டு கட்டாயம் கேப்பீங்கள். வெளிச்சுவர் வெடிப்பில எப்பொக்ஸி கொஞ்ச நாள் பிடிக்கிறதும் உண்டு, ஆனா ஏரி நடுவில பிள்ளையளோட இருக்கேக்க அது விடுறதை நான் நினைச்சுப் பாக்க விரும்பேல்ல. கூலிங் லைனுக்கு ப்ரெஷர் டெஸ்ட், சிலிண்டருக்கு கொம்ப்ரெஷன் டெஸ்ட் ரெண்டையும் மெக்கானிக்கிட்டச் செய்விச்சுப் பாருங்கோ, சிலிண்டர்களுக்கு இடையில 15, 20 வீதத்துக்கு மேல வித்தியாசம் வந்தா கேள்வி. பக்கத்துப் பக்கத்து ரெண்டு சிலிண்டர் மட்டும் இறங்கியிருந்தா ஹெட் காஸ்கெட்டாயும் இருக்கலாம், அது புது பிளொக்கைவிட மலிவு. எதையும் கழட்ட முதல் படம் எடுத்து இன்சூரன்ஸ் பொலிசியையும் வாசியுங்கோ, உறைஞ்சு வெடிச்சதைச் சில பொலிசி சேக்காது, சிலது கராஜ் பில் கேக்கும். கராஜில விண்டரைஸ் பண்ண சில நூறு டொலர், எஞ்சின் மாத்தப் பல ஆயிரம். முதல் வருசம் போட் வாங்கினவை ஒரு முறை காசைக் குடுத்து, பக்கத்தில நிண்டு பாக்க விடுற ஒரு மெக்கானிக்கைப் பிடிச்சு, எந்த ப்ளக் எங்க எண்டு கையால தொட்டுப் பழகினா நல்லம்.

## அவுட்போர்ட் எண்டா

வேலை பாதிதான். எஞ்சினை நிமித்தி நேராக் கீழ விட்டாத் தண்ணி தானா வடியும், ஆன்டிஃப்ரீஸ் தேவையில்லை. ட்ரெயிலரில சரிச்சுத் தூக்கி வச்சபடி விண்டர் விடாதீங்கோ, ஃபான் நடுப்பகுதியில மழைத்தண்ணி தேங்கி உறையும். இயர்மஃப்பில ஓட்டேக்க பக்கத்தால பீச்சுற தண்ணி மெலிஞ்சு வந்தா அந்தச் சின்ன ஓட்டையை முதல் மெல்லிய நரம்பால குத்துங்கோ, சிலந்தி கூடு கட்டியிருக்கும், அதுக்கும் சரிவராட்டி இம்பெல்லர். கியர் ஓயிலுக்கு மேல சொன்ன அதே சோதனைதான், அதை மட்டும் விட்டுடாதீங்கோ.